ஏழாம் முனையில் சிவப்புக் கொடி

கண்ணையன் கொடியைச் சுருட்டும்போது துணி ஒருபோதும் தரையில் படாது. கம்பை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலது கையால் துணியை இழுத்துப் பிடித்து மூன்றே சுற்றில் முடித்துவிடுவார். ரயில் பாதையில் இருபத்தாறு வருடமாக டிராக்மேன் வேலை. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் அவரைக் கேங்மேன் என்றுதான் சொல்வார்கள். விடிவதற்குள் சுத்தியலும் ஸ்பேனரும் இரண்டு கொடிகளும் எடுத்துக்கொண்டு கிளம்பி, தனக்கு ஒதுக்கிய தூரத்தைத் தண்டவாளம் பார்த்தபடியே நடந்துவிட்டு வருவார்.

அவரைப் பற்றித் தெருவில் ஒரே ஒரு கதைதான் உண்டு. அதையும் அவர் சொல்லமாட்டார். அவருடன் வேலை பார்த்த பச்சைமுத்துதான் சொல்வார். புயல் ஓய்ந்த ஒரு காலையில் இருவரும் நடந்து போனபோது ஒரு பனைமரம் தண்டவாளத்தின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. பச்சைமுத்து அவசரப்பட்டு அதைப் புரட்டப் பார்த்தார். மரம் உருண்டு அவர் கால் அடியில் மாட்டிக்கொண்டது. கண்ணையன் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு சிவப்புக் கொடியைப் பிரித்துக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓடிவிட்டார். ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி ரயிலை நிறுத்திய பின்தான் திரும்பி வந்து காலை எடுத்துவிட்டார்.

“என்ன உட்டுட்டு ஓடுனாம்பாரு, நான் அவனத் திட்டாத திட்டு இல்ல. அவன் மட்டும் பாவம் பாத்துக்கினு அங்கியே நின்னிருந்தா ரெண்டு பேரும் கூழு” என்று பச்சைமுத்து சிரிப்பார். அவர் இன்றும் சற்றுத் தாங்கித்தான் நடக்கிறார்.

முதலில் பாதையைக் காப்பாற்று, பிறகு ஆளைப் பார். ரயில்வேயில் அவர் கற்ற முறை அது. அதைத்தான் அவர் பந்தயத்துக்கும் கொண்டு போனார்.

செஞ்சிப் பக்கம் நரிப்பாறை மலையில் போன ஆண்டு ஒரு மலையிறக்க சைக்கிள் பந்தயம் நடந்தது. உச்சியிலிருந்து ஒவ்வொருவராகக் கிளம்பி, பாறைகளுக்கு நடுவே நாடா கட்டிய தடத்தில் கீழே வந்து சேர வேண்டும். குறைந்த நேரத்தில் வருகிறவருக்கு வெற்றி. முதல் இரண்டு பேர் மாநில அணியில் சேர்ந்து வடக்கே நடக்கும் தேசியப் போட்டிக்குப் போவார்கள். தடத்தின் வளைவுகளில், முனை என்று அவர்கள் சொல்லும் இடங்களில், கொடியோடு நிற்க ஆட்கள் போதவில்லை. அதனால் வீரர்கள் தலைக்கு ஓர் ஆளை அழைத்துவர வேண்டும் என்று பந்தயம் நடத்திய சைக்கிள் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். கண்ணையனை அழைத்து வந்தவன் அவருடைய தங்கை பாஞ்சாலியின் மகன் செல்வகுமார்.

செல்வகுமாருக்கு இருபத்து மூன்று வயது. விழுப்புரத்தில் கூரியர் கம்பெனியில் வேலை. கண்ணையனுக்குப் பிள்ளைகள் இல்லை. செல்வகுமாருக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். அந்தப் பந்தயம் எதற்கு, அந்த சைக்கிளுக்கு ஏன் அவ்வளவு தடித்த டயர் என்பதெல்லாம் அவருக்குப் புரிந்ததில்லை. கொடி பிடிக்க வேண்டும் என்றதும் மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நேரம் குறிக்கும் மேசையில் எனக்கு எழுத்து வேலை. விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் முந்தின நாள் மாலை மலையடிவாரப் பந்தலில் அதைத் தமிழில் சொல்வதும் என் வேலையானது. முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் வேண்டும், வார் பூட்டியிருக்க வேண்டும். நாடாவுக்கு வெளியே போனால் போன இடத்திலேயே திரும்பி உள்ளே வர வேண்டும். மஞ்சள் கொடி என்றால் வேகம் குறைக்க வேண்டும். சிவப்பு என்றால் நிற்க வேண்டும்.

“சார், செவப்புக்கு நின்னா டைம் போயிடுமே?” என்று கேட்டான் கோட்டக்குப்பத்து இர்பான். பயிற்சியில் எல்லோரையும் விட வேகமாக வந்தவன் அவன்தான்.

தலைமை நடுவர் சவுரிராயன் பதில் சொன்னார். “போகாது தம்பி. கொடி பாத்து நின்னவனுக்கு மறு ஓட்டம் உண்டு. ஆனா கொடி சரியான காரணத்துக்குக் காட்டியிருக்கணும்.”

“இவன் நின்னாத்தான சார்! கோட்டக்குப்பத்துல பிரேக்கே விக்கிறதில்ல” என்றான் செல்வகுமார்.

“உன் பின்னால வர்றவன் பிரேக்க புடிச்சிக்கினேதான்டா வரணும். அவ்ளோ ஸ்லோ நீ.”

பந்தல் சிரித்தது. இருவரும் இரண்டு வருடமாக ஒன்றாகப் பயிற்சி செய்கிறவர்கள். செல்வகுமார் கண்ணையனை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு இர்பானும் மாமா என்றே கூப்பிடுவான்.

கடைசியாக ஒரு விதி இருந்தது. விழுந்து நினைவு தப்பியவர், அது சில நொடியே ஆனாலும், அன்றைக்கு மறுபடி சைக்கிளில் ஏறக் கூடாது. தலையில் அடிபட்ட ஹெல்மெட்டையும் திரும்பப் போடக் கூடாது. வெளியே கீறல் மட்டும் தெரியும், உள்ளே விரிசல் விட்டிருக்கும். நான் இதை வாசித்தபோது யாரும் கவனிக்கவில்லை. கண்ணையன் மட்டும் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து ஒன்று கேட்டார்.

“சார், வண்டி வர்றதுக்கு எவ்ளோ தூரம் முன்னால கொடி காட்டணும்?”

“வண்டி இல்லீங்க, ரைடர்” என்றார் சவுரிராயன். “ உங்க முனையில நின்னு காட்டினா போதும். மேல் முனையில இருக்கிறவர் பாத்துட்டு அவரும் காட்டுவார்.”

“அவுரு பாக்கலன்னா?”

“பாப்பாருங்க.”

கண்ணையனுக்குக் கிடைத்தது ஏழாம் முனை. யானை படுத்தாற்போல் ஒரு பாறை, அதைச் சுற்றிக்கொண்டு ஆள் உயரத்துக்குத் தடம் இறங்குகிறது. மேலிருந்து வருகிறவனுக்குப் பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. மேலே ஆறாம் முனையில் தமிழ்மணி என்ற இளைஞர் நிற்க வேண்டும்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம், காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. இரண்டில் நல்ல நேரம் எதுவோ அது கணக்கு. காலையில் செல்வகுமார் பதினோராவதாகக் கிளம்பினான். அவனுக்கு இரண்டு நிமிடம் கழித்து, கடைசி ஆளாக இர்பான்.

யானைப்பாறை இறக்கத்தில் செல்வகுமாரின் முன்சக்கரம் ஒரு பிளவில் இறங்கியது. அவன் தலைகுப்புறப் போய்ப் பாறையில் மோதித் தடத்தின் நடுவே விழுந்தான். சைக்கிள் அவன்மேல் விழுந்தது. கண்ணையன் ஓடிப்போய்ப் பார்த்தார். கண் பாதி திறந்திருந்தது, வெள்ளை தெரிந்தது. கூப்பிட்டார். பதில் இல்லை. விசில் ஊதி மேலே சிவப்புக் கொடியைக் காட்டினார். ஆறாம் முனையில் யாரும் இல்லை. தமிழ்மணி போனில் வீடியோ எடுக்கப் பக்கத்துப் பாறைமேல் ஏறியிருந்தார்.

அடுத்த வண்டி வரப்போகிறது. கண்ணையன் மருமகனை ஒரு தரம் பார்த்தார். பிறகு கொடியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடினார்.

ஆறாம் முனைக்கும் மேலே போய்த் தடத்தின் நடுவில் நின்று கொடியை வீசினார். இர்பான் அவரைப் பார்த்த நொடியில் பிரேக்கைப் பிடித்தான். பின்சக்கரம் சறுக்கி, நாடாவை அறுத்துக்கொண்டு முள்ளில் போய் நின்றான். முழங்கை கிழிந்தது. “இன்னா மாமா?” என்று மட்டும் கேட்டான். இருவரும் இறங்கி வந்தபோது ஏழாம் முனையில் யாரும் இல்லை. செல்வகுமார் எழுந்து சைக்கிளில் ஏறிக் கீழே போய்விட்டிருந்தான்.

இர்பான் மறு ஓட்டம் கேட்டான். சவுரிராயன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விசாரித்தார். இரண்டு பேர் சொன்னதையும் நான்தான் எழுதினேன்.

“விழுந்தியா?”

“இல்ல சார். செயின் கழண்டுச்சி. ஓரமா நின்னு மாட்டிக்கினு வந்துட்டேன். அதான் லேட்டு.”

“ஏழாம் முனையில உங்க மாமா உன்னைக் கூப்பிட்டாராமே?”

“மாமாவ நான் பாக்கவே இல்ல சார். கொரலும் கேக்கல.”

கண்ணையன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். செல்வகுமார் அவர் பக்கம் திரும்பவில்லை. ஹெல்மெட்டின் இடது பக்கம் கீறியிருந்ததை அவர் காட்டினார். அது பழைய கீறல் என்றான் அவன். உண்மையில் அந்த ஹெல்மெட்டில் பழைய கீறல்களும் இருந்தன.

“கண்ணையன், நீங்க சொல்றபடி ஆள் மயங்கிக் கிடந்தார்னு வெச்சிக்குவோம்” என்றார் சவுரிராயன். “மயங்கிக் கிடந்தவர விட்டுட்டு மேல ஓடினீங்களா? சொந்த மருமகன?”

“ஆமாங்க.”

“எந்த மனுஷனாவது அப்படி ஓடுவானா?”

“லைன கவனிச்சிட்டுத்தாங்க ஆள கவனிக்கணும்.”

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். செய்தி கேட்டுப் பந்தலிலிருந்து பாஞ்சாலி ஓடிவந்திருந்தார். “ஏண்ணா, புள்ள உயிருக்குக் கெடக்கறான்னு நெனைச்சிக்கினு கொடியத் தூக்கிக்கினு ஓடுனியா? மனசு வந்துதா உனுக்கு? சாமி புண்ணியம், அப்படி ஒண்ணும் நடக்கல!”

கண்ணையன் சொன்னது உண்மையானால் கல்நெஞ்சக்காரர், இல்லையானால் பொய்க்காரர். அந்த மேசைக்கு முன்னால் அவருக்கு வேறு இடம் இருக்கவில்லை.

முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ் பொன்னி, செல்வகுமாரின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, கிழமை கேட்டாள், ஊர் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். “வுழுந்தேன்னு அவரே ஒத்துக்கினாத்தான் சார் நான் எழுத முடியும்” என்றாள். விழுந்ததை ஒத்துக்கொண்டால் பிற்பகல் ஓட்டம் கிடையாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்மணி விசில் கேட்கவில்லை என்றார். சவுரிராயன் மறு ஓட்டம் இல்லை என்று எழுதச் சொன்னார். கொடி காரணமின்றிக் காட்டப்பட்டது, முனைக்காரர் தன் இடத்தை விட்டு அகன்றார் என்றும் எழுதச் சொன்னார். எழுதினேன். கண்ணையன் கொடியைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். அப்போதும் மூன்றே சுற்றுதான்.

பிற்பகலில் அவர் ஏழாம் முனைக்கே போய் நாடாவுக்கு வெளியே நின்றார். செல்வகுமார் யானைப்பாறையைச் சுற்றி வந்தான், குதித்தான், சறுக்காமல் போய்விட்டான். இரண்டாம் இடம். இர்பான் அரை நொடிகூட இல்லாத வித்தியாசத்தில் மூன்றாவது.

“பாத்தியா கேங்மேன், ஒண்ணுமே ஆவல” என்று திரும்பும் வழியில் யாரோ சொன்னார்கள். “ஆவாதது நல்லதுதான்” என்றார் அவர்.

அன்று கிளம்பும் முன் பொன்னியிடம் அவர் தனியாக எதையோ கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன கேட்டார் என்று பிறகு தெரிந்தது. தலையில் அடிபட்டவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் மட்டும் மறந்துபோவது உண்டு என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதை அவர் பிடித்துக்கொண்டார். தெருவில் யாராவது கேட்டால், “அவன் பொய் சொல்லலப்பா. அவனுக்கு நெனப்பு இல்ல. நர்சம்மாவே சொல்லிச்சி” என்பார். யாரும் கேட்காதபோதும் சொல்வார். தங்கை அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். செல்வகுமார் வழியில் பார்த்தால் வணக்கம் வைப்பான். அதற்கும் அவர் சந்தோஷப்பட்டார்.

இர்பான் மாநிலச் சங்கத்துக்கு முறையீடு அனுப்ப நினைத்தான். ஒரு வாரம்தான் கெடு. அதை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தான். எழுதி வைத்திருந்தேன். செல்வகுமாரின் பெயரும் அதில் வந்தது. வேறு வழியில்லை. ஐந்தாம் நாள் கண்ணையன் விடுப்பு போட்டு, புதுச்சேரி பஸ் பிடித்து, அங்கே இறங்கி இன்னொரு பஸ் மாறிக் கோட்டக்குப்பம் போனார். இர்பானின் அம்மா அசன் பீவி டீ கொடுத்தாராம். குடிக்காமலே பேசினாராம்.

மறுநாள் இர்பான் என்னை போனில் கூப்பிட்டான். “அக்கா, அந்தப் பேப்பர் வேணாங்க்கா.”

“ஏன்?”

“மாமா வந்தாரு. அவனுக்கு ஞாபகமே இல்லியாம். ஞாபகம் இல்லாதவன் மேல கம்ப்ளெய்ன்ட் பண்ணலாமாப்பா, அவன் பேரு கெட்டுடும்ன்னாரு. உடுங்கக்கா.”

கெடு முடிந்தது. மாநில அணிப் பட்டியல் வெளியானது.

செல்வகுமார் தேசியப் போட்டிக்குக் கிளம்பும் நாளன்று மாலை பாஞ்சாலி வீட்டு வாசலில் நாற்காலி போட்டுத் தெருவையே கூப்பிட்டிருந்தார்கள். அண்ணனிடம் பேசாமல் இருந்த பாஞ்சாலி அன்று தானே போய்க் கூப்பிட்டார். கண்ணையன் பந்தயத்துக்குப் போட்ட அதே சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்தார். ஓரமாக உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. பச்சைமுத்துவும் வந்திருந்தார். அவரால்தான் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

“டேய் செல்வம், உங்க மாமன் ஓட்டத்துக்கு நாந்தான்டா சாட்சி. அன்னிக்கி என்ன அந்தாண்ட உட்டுட்டு ஓடுன ஓட்டம் இருக்குதே, நேஷனல்ல உட்டா இவன்தான் ஃபர்ஸ்ட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வகுமாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து நின்று கையை வீசிக் காட்டினான். “அந்தக் கத ஏன் கேக்கறீங்க! ‘டேய், வண்டி வருதுடா, லைன உட்டு நவுரு, வண்டி வருது!’ன்னு இன்னா கத்து கத்துனாரு தெரியுமா? மலையில எங்கடா ரயிலு வருது!”

சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. பாஞ்சாலி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கண்ணையன் கையில் ஒரு மல்லாட்டை பாதி உரித்தபடி நின்றது.

விசாரணையில் அவர் சொன்னது, பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை என்பது மட்டும்தான். நான் எழுதிய காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. வண்டி வருது என்று கத்தியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மலையில் போய் ரயில் பேச்சுப் பேசினோமே என்று அவருக்கே வெட்கம். ஏழாம் முனையில் அப்போது அவரையும், தரையில் கிடந்தவனையும் தவிர யாரும் இல்லை.

அவர் எழுந்து தோலை ஓரமாகப் போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போனார். சற்றுப் பொறுத்து நானும் போனேன். போனில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார், கண்ணாடி கொண்டுவரவில்லை. நான் இர்பானின் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். வாங்கும்போது கைதவறி ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

“இர்பான், நான் கண்ணையன். நான் அன்னிக்கி வூட்டுக்கு வந்து சொன்னது தப்புப்பா. அவனுக்கு எல்லாம் நெனப்பு இருந்துது. கொரலும் கேட்டிருக்குது. நான் உன்ன ஏமாத்திட்டேன்.”



“எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா. நாம கீழ வந்தப்போ அவன் கிளவுஸு ஒண்ணு லைனுக்கு நடுவுல கெடந்துது. நான்தான் எடுத்து பாக்கெட்டுல வெச்சிக்கினேன். செயின் மாட்டறவன் கிளவுஸு நடுவுல எப்படி வரும்? பேப்பரோட வெக்கலாம்னு இருந்தேன்.”

“அப்புறம் ஏம்பா உட்டே?”

“நீங்க ரெண்டு பஸ் மாறி வந்து அம்மா எதிர்ல அழுதீங்களே மாமா. உங்கள எப்படி பொய்யாக்கறது?”

கண்ணையன் போனைக் காதிலிருந்து எடுத்து, இருபுறமும் திருப்பிப் பார்த்து என்னிடம் தந்தார். அழுததை அவர் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

வாசலில் பையைக் கட்டி முடித்திருந்தார்கள். சென்னை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செல்வகுமார் வரிசையாக எல்லோர் காலிலும் விழுந்து எழுந்தவன், கடைசியாக மாமாவிடம் வந்து குனிந்தான். கண்ணையன் கையைத் தூக்கவில்லை. பையின் பக்கத்தில் வார் தொங்கக் கிடந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹெல்மெட்ட மாத்திடு” என்றார்.

“ஏன் மாமா?”

“ஒரு தபா தலையில அடிபட்டதத் திரும்பப் போடக் கூடாது. உள்ள விரிசல் உட்டிருக்கும். ரூல்ல இருக்குது.”

செல்வகுமார் நிமிர்ந்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். சற்று முன் மாமாவின் கூச்சலைத் தானே நடித்துக் காட்டியது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது.

“அது… பழைய கீறல் மாமா.”

“கழுத்துக்கு மேல இருக்கற உன் தலைக்காவச் சொல்றேன். அன்னிக்கி நான் சொன்னத உடு. ஹெல்மெட்ட மாத்து.”

“கெளம்பற நேரத்துல இன்னா பேச்சுண்ணா இது?” என்று பாஞ்சாலி உள்ளிருந்து குரல் கொடுத்தார். “துன்னூறு பூசி அனுப்பு, ஜல்தி.”

தட்டில் திருநீறு இருந்தது. கண்ணையன் எடுக்கவில்லை. செல்வகுமார் கொஞ்ச நேரம் நெற்றியைக் காட்டியபடி நின்றான். பிறகு தானே ஒரு விரலால் தொட்டு இட்டுக்கொண்டு பையைத் தோளில் மாட்டினான். ஹெல்மெட்டைப் பையின் வாரில் கட்டிக்கொண்டான். அது ஆடிக்கொண்டே போனது. கீறல் விழுந்த இடது பக்கம் யாருக்கும் தெரியாமல் அவன் முதுகைப் பார்க்கும்படி திருப்பிக் கட்டியிருந்தான்.